பணிவிடை செய்வோரின் மனநலம்

காஞ்சீபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் சர்வகலாசாலையும் வைத்தியக் கலாசாலையும் இருக்கின்றன. அருகே காரப்பேட்டையில் அறிஞர் அண்ணாவின் பெயர் தாங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கெல்லாம் வரும் நோயாளிகளைக் கவனிக்க வைத்தியர்கள் உண்டு. ஆனால் அவர்களுடன் வந்து இரவெல்லாம் கண்விழித்து, வீடு திரும்பிய பின்னரும் மாதக்கணக்கில் பணிவிடை செய்யும் மனைவியையோ மகளையோ, "உங்கள் மனம் எப்படியிருக்கிறது, அம்மா?" என்று கேட்பார் உண்டா? அக்குறையைத் தீர்க்கக் கைபேசிச் செயலிகள் வந்துள்ளன என்கிறார்கள். அவற்றால் ஆவது எது, ஆகாதது எது என்று ஆராய்வது அவசியம்.

நெசவாளர் குடும்பங்களில் இத்துன்பம் இரட்டிக்கிறது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமான கோர்வைப் புடவையை மரபுப்படி ஒருவர் தனித்து நெய்ய இயலாது. கரைப்பக்கத்து நாடாவை எறிய மற்றொருவர் உடன் உட்கார வேண்டும். வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தால், அவரைப் பேணுபவரும் தறியை விட்டு எழுகிறார். கூலி நிற்கிறது, கடன் வளர்கிறது, உறக்கம் கெடுகிறது. அந்தப் பெண் தன் சோர்வை வாய்விட்டுச் சொன்னாலோ, பொறுமையற்றவள் என்ற பழிச்சொல்தான் கிடைக்கிறது.

மறதிநோயுற்றோரைப் பேணும் குடும்பத்தாருக்கென உலக சுகாதார ஸ்தாபனம் 'ஐசப்போர்ட்' என்னும் இணையவழிப் பயிற்சியை வெளியிட்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார் அதனை நம் நாட்டு வழக்கத்துக்கேற்ப மாற்றிச் சோதித்தனர். நோயாளியைப் பற்றிய மனப்பான்மை திருந்தியது. ஆயினும் சேர்ந்தவர்களில் பலர் இறுதிவரை நிலைக்கவில்லை. மனச்சோர்வு குறைந்ததெனத் திட்டமாகக் கூறவும் முடியவில்லை. கண்ணயர நேரமில்லாதவருக்குப் பாடம் படிக்க நேரமேது?

எனினும் கைபேசியை ஒதுக்கிவிட வேண்டுமென்பது நமது கருத்தன்று. 2022 அக்டோபரில் இந்திய சர்க்கார் தொடங்கிய டெலி-மானஸ் சேவை, 14416 என்ற எண்ணில், இரவு பகலாகக் கட்டணமின்றித் தமிழிலேயே பேச வழிசெய்திருக்கிறது. 2024 அக்டோபரில் அதன் செயலியும் வந்தது. பயிற்சி பெற்ற மனிதர் ஒருவர் மறுமுனையில் இருந்து காதுகொடுத்துக் கேட்கிறார் என்பதே இதன் சிறப்பு.

ஆனால் சர்க்கார் தன் பொறுப்பு முழுவதையும் செயலியின் தலையில் கட்டிவிடலாகாது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, மனநோயாளியின் குடும்பத்துக்கு ஆதரவளிக்கும் சேவையையும் சர்க்காரின் கடமையாக்கியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் வீடு தேடிச் செல்கிறார்கள். நோயாளியின் இரத்த அழுத்தத்தை அளக்கும் அவர்கள், பக்கத்தில் நிற்பவரின் உறக்கத்தையும் மனநிலையையும் விசாரிக்கட்டும். தேவைப்பட்டால் அங்கேயே 14416-ஐ அழைத்துக் கொடுக்கட்டும். செயலிகள் எழுத்தறியாதவருக்கும் புரியும்படி தமிழில் பேசட்டும். அவற்றில் சொல்லிய இரகசியம் பிறர் கைக்குப் போகாதிருக்கட்டும்.

தேசத்தொண்டர்களுக்கும் இதில் வேலையுண்டு. தறிக்கூடங்களிலும் ரேஷன் கடைகளிலும் அந்த எண்ணை எழுதி வைப்பதற்கு எந்த உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அத்துடன், பெண்கள் விடுதலையைப் பற்றி மேடையில் முழங்கும் ஆண்மக்கள் தத்தம் வீட்டு நோயாளியின் அருகில் வாரத்துக்கு ஓரிரவேனும் தாமே விழித்திருந்து, ஓய்ந்த பெண்ணை உறங்க விடுவார்களாக.