கப்பியைச் சிறிதாக்குவதற்கு முன்: சூப்பர்சார்ஜர் பொருத்திய மினி காரில் திறன் கூட்டும் வழிகள்

பெட்ரோல் எஞ்சின் தரும் திறனுக்கு எல்லை வகுப்பது பெரும்பாலும் காற்றே. எரிபொருளை வேண்டிய அளவுக்குப் பீய்ச்சிவிடலாம். ஆனால் அதை முழுமையாக எரிப்பதற்கான காற்றைச் சிலிண்டருக்குள் சேர்ப்பது அத்தனை எளிதன்று. அந்தக் குறையைப் போக்கப் பிறந்த கருவியே சூப்பர்சார்ஜர். டர்போ கழிவுப்புகையின் வேகத்தால் சுழல்வது. சூப்பர்சார்ஜரோ எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து பெல்ட் வழியாக விசை பெற்றுச் சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி உள்ளே திணிப்பது. இவ்வாறு எஞ்சினோடு நேரடியாகப் பிணைந்திருப்பதால், ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் தாமதமின்றி வேகம் பிறக்கிறது.

இக்கருவியுடன் வந்த கார்களுள், உரிமையாளர்களால் மிகுதியாக மாற்றியமைக்கப்பட்டவற்றில் ஒன்று, பிஎம்டபிள்யூ நிறுவனம் 2006 வரை தயாரித்த முதல் தலைமுறை மினி கூப்பர் எஸ். அதன் 1.6 லிட்டர் எஞ்சின், பிஎம்டபிள்யூவும் கிரைஸ்லரும் கூட்டாகப் பிரேசிலில் அமைத்த ஆலையில் உருவானது. தொடக்கத்தில் 163 குதிரைத்திறனும் பின்னர் 170 குதிரைத்திறனும் தந்த அந்த எஞ்சினில், ஈட்டன் நிறுவனத்தின் எம் 45 என்னும் ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜர் பொருத்தப்பட்டிருந்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற காற்றூதியின் வழித்தோன்றலே இது. ஒன்றோடொன்று இணைந்து சுழலும் இரண்டு சுழலிகள் காற்றை அள்ளி மறுபுறம் தள்ளுவதே இதன் அடிப்படை.

எம் 45 ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 740 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளுகிறது. கிராங்க் ஷாஃப்ட் ஒருமுறை சுழல்வதற்குள் அது ஏறத்தாழ இருமுறை சுழன்றுவிடுவதால், எஞ்சின் ஒரு சுற்றில் இயல்பாக இழுக்கக்கூடிய 800 கன சென்டிமீட்டருக்கு எதிரே 1,500 கன சென்டிமீட்டருக்கு அருகில் காற்று வந்து குவிகிறது. அந்த நெருக்கடியே அழுத்தமாகிறது.

இந்த விகிதத்தைக் கூட்டுவதுதான் திறனுக்கான மிக மலிவான வழி. சூப்பர்சார்ஜரின் முனையில் பெல்ட் ஓடும் கப்பியை, பட்டறை வழக்கில் சொன்னால் புல்லியை, கழற்றிவிட்டு விட்டத்தில் 15 விழுக்காடு சிறிய கப்பியைப் பொருத்தினால், அதே எஞ்சின் வேகத்தில் சுழலிகள் ஏறத்தாழ 18 விழுக்காடு விரைவாகச் சுழல்கின்றன. தள்ளப்படும் காற்றும் கூடுகிறது. 17, 19 விழுக்காடு சிறிய கப்பிகளும் கிடைக்கின்றன. ஆயினும் எண் பெரிதாகும்தோறும் நன்மையும் பெரிதாகும் என்று கொள்வது தவறு. சுழலிகளைச் சுழற்றுவதற்கே எஞ்சின் தன் திறனில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. வேகம் கூடக்கூட அந்தச் செலவும் ஏறுகிறது. உச்ச வேகத்தில் சூப்பர்சார்ஜர் நிமிடத்துக்கு 15,000 சுற்றுகளைக் கடக்கும் நிலையில், கூடுதலாகக் கிடைப்பதில் பெரும்பங்கு காற்றைச் சூடாக்குவதிலேயே கரைந்துவிடுகிறது. அன்றாடப் பயன்பாட்டுக்குரிய காருக்கு 15 விழுக்காடே தக்க எல்லை எனலாம்.

திறன் கூட்டும் முயற்சிகள் தோற்கும் இடம் பெரும்பாலும் இந்த வெப்பமே. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் போலவே, அழுத்தப்படும் காற்று சூடேறுகிறது. ரூட்ஸ் வகை, திருகு வகையைவிடத் திறமை குறைந்தது என்பதால், அதிலிருந்து வெளியேறும் காற்று 100 டிகிரி செல்சியசை எளிதில் தாண்டிவிடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பது ஒரு கேடு. ஸ்பார்க் பிளக் பொறி தருவதற்கு ஒத்திசையாமல் கலவையின் ஒரு பகுதி தானே வெடிக்கும் நாக்கிங்கை அது தூண்டுவது அதைவிடப் பெரிய கேடு, ஏனெனில் நீடித்த நாக்கிங் பிஸ்டனையே உடைக்கவல்லது. நாக்கிங்கை உணர்ந்தவுடன் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி பொறி தரும் நேரத்தைப் பின்தள்ளிக் காக்கிறது. அந்தக் கணத்தில், பணம் கொடுத்து வாங்கிய திறன் மறைந்துபோகிறது.

ஆகவே கப்பிக்கு அடுத்து நோக்க வேண்டியது, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். மினியில் அது எஞ்சினுக்கு மேலேயே, பானட்டின் காற்றுத் திறப்புக்குக் கீழே அமர்ந்திருப்பதால், போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது எஞ்சினின் சூட்டைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. அதே இடத்தில் பெரிய இன்டர்கூலரை வைப்பது எளிய தீர்வு. காரின் முன்புறத்துக்கு அதை மாற்றுவது குழாய்களை நீட்டினாலும் வெப்பத்தைச் சிறப்பாகத் தணிக்கிறது. ஒருபடி குளிர்ந்த வகை ஸ்பார்க் பிளக்கும், ஆக்டேன் எண் 98 கொண்ட பெட்ரோலும் இதே நோக்கத்துக்குத் துணை நிற்பவை.

கூடுதல் காற்றுக்கு ஈடாகக் கூடுதல் எரிபொருளும் தேவை. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை அதிகச் சூட்டில் எரியும் என்பதால், பெரிய இன்ஜெக்டர்களைப் பொருத்தி, அதற்கேற்பக் கணினியின் நிரலையும் திருத்த வேண்டியிருக்கிறது. எல்லாக் கார்களுக்கும் ஒன்றாக எழுதப்பட்ட நிரலைவிட, சக்கரங்களின் திறனை உருளைமேல் அளக்கும் டைனமோமீட்டரில் அந்தக் குறிப்பிட்ட காரை ஓட்டிப் பார்த்து எழுதப்படும் நிரலே நம்பத்தக்கது. எக்ஸாஸ்ட், கேம் ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட் ஆகியவற்றின் மாற்றங்கள் இதற்கடுத்த நிலையின. ஜான் கூப்பர் வொர்க்ஸ் பெயரில் வந்த அதிகாரபூர்வத் தொகுப்பு, சூப்பர்சார்ஜர், சிலிண்டர் ஹெட், எக்ஸாஸ்ட், நிரல் ஆகியவற்றை ஒருசேர மாற்றியே 200 குதிரைத்திறனை எட்டியது. 2006இல் 2,000 கார்கள் மட்டும் தயாரிக்கப்பட்ட ஜிபி பதிப்பு எட்டியது 218.

இவற்றுக்கெல்லாம் முன்பாகச் செய்ய வேண்டிய, ஆனால் விளம்பரங்களில் இடம்பெறாத ஒரு பணி உண்டு. இந்த மினியில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பை இயக்குவது சூப்பர்சார்ஜரின் பின்முனையிலுள்ள பற்சக்கரமே. சூப்பர்சார்ஜரின் இரு முனைகளிலும் தனித்தனியே இருக்கும் சிறிதளவு எண்ணெய் வறண்டுவிட்டால் பற்கள் தேய்கின்றன, பம்பு நிற்கிறது, எஞ்சின் கொதிக்கிறது. அந்த எண்ணெயைப் புதுப்பிக்காமல், தளர்ந்த பெல்ட் இறுக்கியைச் சரிசெய்யாமல் சிறிய கப்பியைப் பொருத்துவது, நலிந்த உறுப்பின்மேல் மேலும் சுமையேற்றுவதாகும். கப்பி சிறிதானால் அதற்கேற்ற நீளம் குறைந்த பெல்ட்டும் வேண்டும்; இல்லையேல் பெல்ட் வழுக்கி, கூடுதல் அழுத்தம் கிடைக்காமலே போகும்.

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. பிரிட்டனில் இத்தகைய மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால் இழப்பீடு மறுக்கப்படக்கூடும். ஜெர்மனியில் திறனை மாற்றும் வேலை பரிசோதிக்கப்பட்டு வாகன ஆவணத்தில் பதியப்பட வேண்டும். உதிரிபாகத்தோடு அங்கீகாரச் சான்றும் வருகிறதா என்பதை அங்குள்ள உரிமையாளர்கள் வாங்கும் முன்னரே கேட்டறிவது அதனாலேயே.