கோணலாக ஒட்டுங்கள்... குடிமுழுகிப் போகாது!

எதைச் செய்தாலும் கனகச்சிதமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவரா நீங்கள்? சுவரில் மாட்டிய படம் கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூட, கை தன்னால் போய் நிமிர்த்துகிறதா? மடித்து வைத்த துண்டின் ஓரம் ஒன்றோடொன்று சேரவில்லை என்றால் மனசை ஏதோ அரிக்கிறதா? அப்படியானால் வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளில் ஒரு கத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

ஒழுங்கு நல்லதுதான். யார் இல்லை என்றார்கள்? கணக்கு நோட்டிலும் மருந்து அளவிலும் துல்லியம் வேண்டும். ஆனால் அதே துல்லியத்தைக் கோலத்திலும், கைவேலையிலும், விருந்தாளிக்கு வைக்கும் டிபன் தட்டிலும்கூட எதிர்பார்க்க ஆரம்பித்தால்தான் வம்பு. பீரோவின் மேல்தட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். பாதியில் நின்ற எம்ப்ராய்டரி, பிரிக்காத பெயின்ட் பாக்ஸ், ஒரே பக்கம் எழுதிய டைரி... எல்லாம் எதற்காகக் காத்திருக்கின்றன? “நல்லா வராதுன்னா எதுக்குங்க ஆரம்பிக்கணும்?” என்ற ஒரே ஒரு கேள்விக்காக!

சோம்பல் இல்லை... பயம்!

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சோம்பேறித்தனம் போலத் தெரியும். உண்மையில் இது பயம். ‘தப்பு வந்துவிட்டால்?’ என்ற பயம்.

கனடாவைச் சேர்ந்த பால் ஹெவிட், கார்டன் ஃப்ளெட் என்ற இரண்டு மனநல ஆய்வாளர்கள் 1991-ல் இந்தக் குணத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். ‘நான் பிசகக் கூடாது’ என்று தன்னையே விரட்டுவது ஒன்று. ‘நீயும் பிசகக் கூடாது’ என்று வீட்டில் இருப்பவர்களை விரட்டுவது இரண்டாவது. ‘நான் பிசகினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?’ என்று மறுகுவது மூன்றாவது. மன அழுத்தத்தோடும் சோர்வோடும் அதிகமாகக் கைகோத்து வருவது இந்த மூன்றாவதுதான்.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 1989 முதல் 2016 வரை 41 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்கள் தந்த பதில்களை தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் என்ற இருவர் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2019-ல் அச்சானது. மூன்று வகையுமே வருஷா வருஷம் ஏறியிருந்தன. அதில் வேகமாக ஏறியது எது தெரியுமா? அதே ‘நாலு பேர்’ வகைதான்!

சரி, இதற்கு என்ன வைத்தியம்? “கவலைப்படாதே, விட்டுத் தள்ளு” என்று சொன்னால் யாராலும் விட்டுவிட முடிவதில்லை. விடுவதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அதுவும் தப்பு வந்தால் யாருக்கும் நஷ்டமில்லாத இடத்தில் பழக வேண்டும். துண்டுக் காகிதங்களை ஒட்டிச் செய்யும் கொலாஜ் அதற்கு ஏற்ற இடம்.

ஏன் கொலாஜ்?

பிரெஞ்சு மொழியில் ‘கோலே’ என்றால் ஒட்டுவது. அதிலிருந்து வந்ததுதான் கொலாஜ். வெள்ளைத் தாளில் படம் வரைய உட்கார்ந்தால் முதல் கோடே பயமுறுத்தும். யானை யானை மாதிரி வர வேண்டுமே! கிழிந்த காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்கு ‘சரியான’ வடிவம் என்று ஒன்று கிடையாது. ஒரு பத்திரிகையின் மஞ்சள் ஓரம், ஒரு பஸ் டிக்கெட், ஜவுளிக்கடைப் பையின் சிவப்பு... எப்படி வைத்தாலும் யார் வந்து ‘தப்பு’ என்று சொல்ல முடியும்?

இன்னொரு சௌகரியமும் உண்டு. பிடிக்கவில்லை என்றால் அழிக்க வேண்டாம். அதன் மேலேயே இன்னொன்றை ஒட்டிவிடலாம். கீழே போனது பாதி தெரிந்தாலும் அழகுதான். விலை கொடுத்து வாங்கிய கான்வாஸ் இல்லை என்பதால், ‘வீணாகிவிடுமோ’ என்ற கவலையும் கிடையாது.

படுக்கையில் இருந்தபடி பூத்தவை

1941-ல் பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸுக்கு வயது 71. குடலில் புற்றுநோய். லியோன் நகரில் பெரிய ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் முன்போல ஈசல் முன்னால் மணிக்கணக்கில் நிற்க முடியவில்லை. படுக்கையும் சக்கர நாற்காலியுமாகிவிட்டது வாழ்க்கை.

மனிதர் ஓய்ந்து போகவில்லை. உதவியாளர்களை விட்டுக் காகிதங்களில் வண்ணம் பூசச் சொன்னார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, கோடு எதுவும் போடாமல் நேரடியாக இலைகளாகவும் பறவைகளாகவும் பூக்களாகவும் வெட்டித் தள்ளினார். அப்படிப் பிறந்த 20 படங்களோடு ‘ஜாஸ்’ என்ற புத்தகம் 1947-ல் வெளியானது. 1953-ல் அவர் செய்த ‘நத்தை’, ஏறக்குறைய 3 மீட்டர் உயரம். அருகில் போய்ப் பார்த்தால் வெறும் வண்ணத் தாள் துண்டுகள்தான். ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சம் கோணல்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்தீஸ் ஏனோதானோ என்று ஒட்டியவர் இல்லை. துண்டுகளைக் குண்டூசியால் சுவரில் குத்தச் சொல்லி, இங்கும் அங்கும் பலமுறை மாற்றிப் பார்த்தவர். அந்த ஊசித் துளைகள் சில படைப்புகளில் இன்றும் தெரிகின்றன. ‘இன்னும் நன்றாகச் செய்து பார்ப்போமே’ என்பது வேறு. ‘தப்பே வரக் கூடாது’ என்பது வேறு. முன்னது கையை நகர்த்தும். பின்னது கையைக் கட்டிப்போடும். விட வேண்டியது இரண்டாவதை மட்டும்தான்.

“எனக்கெல்லாம் வயசாயிடுச்சுங்க” என்கிறீர்களா? இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி டிலேனி என்ற அம்மையார், கணவரை இழந்த பிறகு, 72-வது வயதில்தான் காகிதத்தை வெட்டிப் பூக்கள் ஒட்ட ஆரம்பித்தார். கண் பார்வை மங்கும் வரை, சுமார் பத்து வருஷத்தில், ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செய்து முடித்துவிட்டார். அவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

குப்பையில் கிடைத்த பெயர்

ஜெர்மனியைச் சேர்ந்த குர்ட் ஷ்விட்டர்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள், உடைந்த மரத்துண்டு என்று வீதியில் கிடந்ததை எல்லாம் பொறுக்கி ஒட்டினார். முதல் உலகப் போர் முடிந்து நாடே நொறுங்கிக் கிடந்த நேரம் அது. வங்கி விளம்பரம் ஒன்றிலிருந்து கிழிந்து வந்த ‘மெர்ஸ்’ என்ற நான்கெழுத்துத் துண்டையே 1919-ல் தன் கலைக்குப் பெயராகவும் வைத்துக்கொண்டார். அர்த்தமே இல்லாத அரைச் சொல்! முழுசாக இருந்தால்தான் மதிப்பு என்று யார் சொன்னது?

உடம்பு என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2016-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 39 பேரை 45 நிமிஷம் களிமண், ஸ்கெட்ச் பேனா, கொலாஜ் காகிதம் எதை வேண்டுமானாலும் வைத்து விருப்பம்போலச் செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சில் எடுத்து, கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார்கள். டென்ஷன் வந்தால் ஏறும் ஹார்மோன் அது. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது!

இதில் சுவையான சங்கதி என்னவென்றால், ஏற்கெனவே கலையில் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசமே தெரியவில்லை. சின்னச் சோதனைதான், இதை வைத்து ‘நோய் தீரும்’ என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பலன் பெறுவதற்குத் திறமை ஒரு நிபந்தனை இல்லை என்று தெரிகிறதல்லவா?

ஆரம்பிக்கலாமா?

* போஸ்ட் கார்டு அளவுக்கு ஓர் அட்டை போதும். நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையை வெட்டிக்கொள்ளலாம். பெரிய அட்டை பெரிய பயத்தைத் தரும்!

* 20 நிமிஷத்துக்கு அலாரம் வையுங்கள். மணி அடித்தால் வேலை முடிந்தது. ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ கூடாது.

* முதல் சில தடவை கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். கையால் கிழியுங்கள். செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகத்தான் வரும். காகித நார் ஓடும் திசை அப்படி. உங்கள் கையில் குற்றமில்லை!

* கண்ணை மூடிக்கொண்டு ஏழு துண்டுகளை எடுங்கள். அதை மட்டும் வைத்துச் செய்யுங்கள். ‘பொருத்தமான கலர் கிடைக்கலையே’ என்று தேடும் படலம் இதோடு ஒழியும்.

* ஒட்டுவதற்கு முன்னால் அடுக்கிப் பாருங்கள். மூன்று தடவை மாற்றலாம். நாலாவது தடவை கை நீண்டால் ஒட்டிவிடுங்கள்.

* பசை மெல்லிசாக இருக்கட்டும். தண்ணீர் அதிகமானால் தாள் சுருங்கும். வீட்டில் காய்ச்சிய மைதா பசையே போதும். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு. அது விஷம்; குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது.

* மேலே பிளாஸ்டிக் தாள் வைத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி விடுங்கள். அப்படியும் ஒரு சுருக்கம் மிச்சமிருந்தால், இருந்துவிட்டுப் போகட்டும்.

* பின்பக்கம் தேதி எழுதி, உள்ளே வையுங்கள். ஒரு வாரத்துக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ‘நாலு பேர்’ நுழையும் வாசல் அதுதான்.

“விடும்மா, நீயே பண்ணிடு!”

பள்ளிக்கூட ப்ராஜெக்ட் நடக்கும் ராத்திரி பல வீடுகளில் கேட்கிற வசனம் இது. குழந்தை ஒரு இலையை ஒட்டும். அம்மா மெதுவாக அதைப் பிய்த்து நேராக ஒட்டுவார். “இங்கே பாரு கண்ணா, இப்போ எவ்ளோ நல்லா இருக்கு!” இரண்டாவது இலைக்கும் இதே கதி. மூன்றாவது இலையைக் குழந்தை தொடாது. “விடும்மா, நீயே பண்ணிடு” என்று எழுந்து போய்விடும்.

ப்ராஜெக்டுக்கு மார்க் கிடைக்கும், வாஸ்தவம். ஆனால் ‘என் கை பட்டால் கெட்டுப் போகும்’ என்று ஒரு பிஞ்சு மனசு படித்துக்கொண்டதே, அதற்கு யார் மார்க் போடுவது? அடுத்த தடவை பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கென்று ஓர் அட்டையில் நீங்கள் ஒட்டுங்கள். அவன் அட்டை அவனுடையது. “ஏன்டா இதை இங்கே வெச்சே?” என்று கேட்பதற்குப் பதில், “இதைப் பத்திச் சொல்லேன்” என்று கேட்டுப் பாருங்கள். கதையே வரும்!

டாக்டரிடம் எப்போது?

கொலாஜ் மனசைத் தளர்த்தும் ஒரு பழக்கம். அது மருந்து இல்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதில் தினமும் மணிக்கணக்கில் போகிறது, தூக்கம் கெடுகிறது, தப்பு வந்தால் உயிரே வெறுத்துப் போகிறது என்றால், தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது வெறும் சுத்தக் குணமாக இல்லாமல் ஓ.சி.டி. எனப்படும் நோயாகவோ, மனச்சோர்வாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாகக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. மியூசியங்களில் இருக்கும் பிக்காஸோவின் பழைய கொலாஜ்களில் அவர் ஒட்டிய செய்தித்தாள்கள் பழுப்பேறிவிட்டன. யாரும் அவற்றைக் கழற்றி எறியவில்லை. கண்ணாடி போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்! உங்கள் அட்டையில் ஓர் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் என்ன குறைந்துவிடப் போகிறது? அந்தப் பழைய பத்திரிகைக் கத்தையை எடுங்கள். முதல் துண்டைக் கிழியுங்கள்!