தொட்டிலருகே தந்தை

மனைவியரையும் மக்களையும் தங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கியருள வேண்டுமென்று நல்லடியார்கள் இறைஞ்சுவதைத் திருமறையின் ‘அல்ஃபுர்கான்’ அத்தியாயம் எடுத்துரைக்கிறது. மக்கட்பேற்றைச் செல்வம் என்று கூறுவோர் உண்டு. பெருமை என்று கூறுவோரும் உண்டு. இறைமறையோ அதனைக் கண்ணின் குளிர்ச்சி என்கிறது. கண்ணாரக் கண்டாலன்றிக் கண் குளிர்வது எங்ஙனம்? தொட்டிலின் அருகே நில்லாதவனுக்கு அக்குளிர்ச்சி வாய்ப்பது எவ்வாறு?

நம் இல்லங்களில் ஒரு மகவு பிறந்தவுடன் நடப்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். தலைப்பிள்ளைப் பேறு பெரும்பாலும் பெண்ணின் தாய்வீட்டில் நிகழ்கிறது. உம்மாவும் உம்மம்மாவும் உறவுப் பெண்களும் அறை நிறைந்திருப்பர். பிள்ளையைக் குளிப்பாட்டுவதும், பெற்றவளுக்குப் பத்திய உணவு ஆக்கிக் கொடுப்பதும், இரவில் விழித்திருப்பதும் அவர்கள் பொறுப்பு. குழந்தையின் வாப்பாவோ விருந்தினர்போல் வருகிறார். மகவின் முகத்தை எட்டிப் பார்க்கிறார். பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். பச்சைப் பிள்ளையைத் தூக்கத் தெரியாது என்று அவரைத் தள்ளி நிறுத்துவோர் உண்டு. அதையே சாக்காகக் கொண்டு தாமே தள்ளி நிற்போரும் உண்டு.

இது மார்க்கம் வகுத்த ஏற்பாடா என்றால், அன்று. மகவு பிறந்த முதல் வாரத்துக்கென நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ள நற்செயல்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். பாங்கு சொல்லுதல், பெயர் சூட்டுதல், முடியிறக்கி அதன் எடைக்கு வெள்ளி வழங்குதல், அகீகா கொடுத்தல் ஆகிய இவையெல்லாம் பெரிதும் தந்தையை நோக்கியே வருகின்றன. அவரைத் தொட்டிலை நோக்கி அழைத்துச் செல்லும் படிகளாகவே இவை அமைந்துள்ளன.

செவியில் முதற்சொல்

பாத்திமா நாயகி (ரலி) அவர்கள் ஹஸன் (ரலி) அவர்களை ஈன்றபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அம்மகவின் செவியில் பாங்கு சொன்னதைத் தாம் கண்டதாக அபூராஃபிஉ (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி, அபூதாவூது, திர்மிதீ ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. ஹஸன் (ரலி) அவர்கள் பிறந்தது ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு ரமளான் மாதம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கூற்று. அதற்கடுத்த ஷவ்வாலில் உஹதுப் போர் மூண்டது. அத்தகைய நெருக்கடியான காலத்திலும், பிறந்த பேரக் குழந்தையைக் கையிலேந்தப் பெருமானாருக்கு நேரம் இருந்தது.

குழந்தை கருவில் இருக்கும்போதே அதன் செவி இயங்கத் தொடங்கிவிடுகிறது என்றும், பிறந்த மகவு தாயின் குரலை இனங்கண்டுகொள்கிறது என்றும் இன்றைய மருத்துவம் கூறுகிறது. தாயின் குரலை அது பல மாதம் உள்ளிருந்தே கேட்டுப் பழகிவிட்டது. தந்தையின் குரலை அத்துணை நெருக்கத்தில் கேட்டதில்லை. அக்குரல் முதன்முதல் செவியருகே ஒலிக்கையில் அது இறைவனின் பெருமையைக் கூறும் ‘அல்லாஹு அக்பர்’ என்பதாக அமையுமானால், அதனினும் பெரிய அறிமுகம் வேறெது? பள்ளிவாசல் மினாராவில் நின்று அழைப்பதுபோல் உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய குரலே அவ்விளஞ்செவிக்குப் போதும்.

பேரீச்சங்கனியை மென்று குழந்தையின் அண்ணத்தில் தடவும் ‘தஹ்னீக்’ என்னும் வழக்கமும் நபிவழியில் வந்ததே. ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) ஆவார். அவரை ஈன்ற அஸ்மா (ரலி) அவர்கள், குழந்தையைக் கொணர்ந்து நபிகளாரின் மடியில் கிடத்தினார்கள். பெருமானார் கனியை மென்று அதன் வாயில் இட்டு, அதற்காக இறைவனிடம் வேண்டினார்கள். இன்று இதனைச் செய்ய விரும்புவோர் மருத்துவரின் சொல்லையும் மதித்தல் வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும், முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மஞ்சள் நிறமான சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சீனித் தண்ணீர் புகட்டுவது பெருந்தவறு. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது. மருத்துவர் இசைந்தால், நோயற்ற ஒருவர் தூய விரலால், நன்கு குழைந்த கனியின் ஈரத்தை அண்ணத்தில் இலேசாகத் தடவுவதோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பானது.

ஏழாம் நாள்

ஏழாம் நாளில் முடியிறக்கி, அம்முடியின் எடைக்கு வெள்ளியைத் தருமம் செய்தல் நற்செயலாகும். ஹஸன் (ரலி) அவர்களின் முடியை நிறுத்தபோது அது ஒரு திர்ஹமோ அதனினும் குறைவோ இருந்ததாகத் திர்மிதீயில் ஒரு குறிப்பு உண்டு. ஒரு திர்ஹம் என்பது ஏறத்தாழ 3 கிராம். ஏழையும் எளிதில் நிறைவேற்றும் அளவிலேயே இச்செயல் அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

ஆண் குழந்தைக்கு இரண்டு ஆடும் பெண் குழந்தைக்கு ஓர் ஆடும் அகீகாவாகக் கொடுப்பது சிறப்பு. ஆயினும் அது கட்டாயக் கடமை அன்று. ஷாஃபிஈ மத்ஹபில் அது வலியுறுத்தப்பட்ட ஸுன்னத்தாகும். வசதியற்றவர் பிற்பாடு கொடுக்கலாம், இயலாவிடின் குற்றமில்லை. கடன் வாங்கிப் பந்தலிட்டு ஊரழைத்து விருந்து வைக்குமாறு எவரும் கட்டளையிடவில்லை.

இங்கே மனம் வருந்தத்தக்க ஒன்றையும் கூறியாக வேண்டும். மகப்பேற்றுச் செலவும், ஆட்டின் விலையும், குழந்தைக்கு அணிவிக்கும் நகையும் பெண்ணைப் பெற்றவர் தலையில் விழுவது பல ஊர்களில் எழுதப்படாத சட்டமாகிவிட்டது. தாய்க்கு உணவும் உடையும் முறைப்படி அளிப்பது குழந்தையின் தந்தை மீதுள்ள பொறுப்பு என்று ‘அல்பகரா’ அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் தெளிவாக உரைக்கிறது. மார்க்கம் ஒருவர் தோளில் வைத்த சுமையை மற்றொருவர் தோளுக்கு மாற்றுவது எந்த நீதி? மகளின் முதற்பேற்றை எதிர்நோக்கும் பெற்றோர், மகிழ்வதற்கு மாறாகக் கணக்குப் பார்த்துக் கலங்கினால், அக்கலக்கம் யார் கணக்கில் எழுதப்படும்?

பெண் மகவு

பெண் பிறந்தாள் என்ற செய்தி கேட்டு முகம் கறுத்துப்போனவர்களைத் திருமறை ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தில் கண்டிக்கிறது. ‘அஷ்ஷூரா’ அத்தியாயத்திலோ, இறைவன் தான் நாடியோருக்கு மக்களை வழங்குவதைக் கூறும் இடத்தில் பெண்மக்களே முதலில் குறிப்பிடப்படுகின்றனர். நபிகளார் (ஸல்) நான்கு பெண்மக்களின் தந்தை. மகள் ஸைனப் (ரலி) அவர்களின் பெண் குழந்தை உமாமாவைத் தோளில் சுமந்தவாறே அவர்கள் தொழுதார்கள். ஸுஜூதுக்குச் செல்கையில் இறக்கி வைத்தார்கள். எழுகையில் மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். ஊரார் காணத் தொழுகையிலேயே ஒரு பெண் குழந்தை தோளேறியிருக்க, “மறுபடியும் பெண்ணா?” என்று வினவும் நாவுக்கு அதனினும் சிறந்த மறுமொழி ஏது?

கொல்லன் வீட்டுப் புகை

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டில் அன்னை மாரியா (ரலி) அவர்கள் ஓர் ஆண் மகவை ஈன்றார்கள். அன்றிரவு தமக்கு ஒரு மைந்தன் பிறந்ததையும், தம் மூதாதையான இப்ராஹீம் நபியின் பெயரை அவனுக்குச் சூட்டியதையும் பெருமானார் தோழர்களுக்கு மகிழ்வுடன் அறிவித்தார்கள். குழந்தையைப் பாலூட்டி வளர்க்கும் பொறுப்பு, கொல்லர் ஒருவரின் மனைவியான உம்மு ஸைஃப் என்னும் செவிலித்தாயிடம் ஒப்படைக்கப்பட்டது.

மக்கா வெற்றியும் ஹுனைன் போரும் நிகழ்ந்த ஆண்டு அது. அதற்கடுத்த ஆண்டிலோ அரபு நாட்டின் திசையெங்குமிருந்து தூதுக் குழுக்கள் மதீனா வந்துகொண்டிருந்தன. அத்தனை அலுவல்களுக்கிடையே, ஊருக்கு வெளியே இருந்த அக்கொல்லர் வீட்டுக்கு நபிகளார் செல்வார்கள். உலைப்புகை வீட்டை நிறைத்திருக்கும். அப்புகையினூடே நுழைந்து, குழந்தையை வாங்கி முத்தமிட்டுத் திரும்புவார்கள். குடும்பத்தார் மீது அவர்களைவிட இரக்கமுள்ள ஒருவரைத் தாம் கண்டதில்லை என்று, உடன் சென்ற அனஸ் (ரலி) அவர்கள் சான்று பகர்கிறார்கள். அக்குழந்தை இரண்டு வயது நிறையுமுன்னரே மறைந்தது. தந்தையின் விழிகள் நீர் சொரிந்தன. அண்ணலார் அதனை மறைக்கவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நபிகளார் பிறக்குமுன்பே அவர்களின் தந்தை அப்துல்லாஹ் காலமாகிவிட்டார். தந்தையின் கரம் தம்மைத் தூக்கக் கண்டறியாத ஒருவர், தந்தை எப்படி இருக்க வேண்டும் என்பதை உலகுக்கு வாழ்ந்து காட்டினார்கள். தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று அக்ரஉ இப்னு ஹாபிஸ் கூறியபோது, இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று உணர்த்தியவர்களும் அவர்களே.

தாயின் நாற்பது நாள்

குழந்தையைக் கொண்டாடும் வீட்டில் அதனைப் பெற்றவளை மறந்துவிடுதல் ஆகாது. பேற்றுவலி வந்தபோது பேரீச்ச மரத்தடியில் சாய்ந்த அன்னை மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே தாம் இறந்திருக்கலாகாதா என்று வேதனையுற்றதைத் திருமறை மறைக்காமல் கூறுகிறது. அவர்களுக்குக் கடிந்துரை கிடைக்கவில்லை, ஆறுதலே கிடைத்தது. காலடியில் நீரோடையும், உண்ணக் கனிந்த பேரீச்சையும், கண்குளிர இருக்குமாறு அறிவுரையும் கிடைத்தன. பெற்றவளுக்கு வேண்டியவை இம்மூன்றே: உணவு, நீர், ஆறுதல்.

பிள்ளை பெற்ற முதல் சில நாள்களில் காரணமின்றி அழுகையும் சோர்வும் வருவது பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு நேர்வதே. இரண்டு வாரத்துக்குள் அது தானே விலகிவிடும். விலகாமல் நீடித்தால், அல்லது பிள்ளை மீதும் தன் மீதும் வெறுப்பு மிகுந்தால், உடனே மருத்துவரை நாட வேண்டும். அது நோய், ஈமானின் குறையன்று. அம்மாற்றத்தை முதலில் காண வேண்டிய கண்கள் கணவனுடையவை.

நாற்பது நாள் பற்றியும் ஒரு சொல். ஹனஃபீ மத்ஹபின்படி, பேற்றுக்குப் பிந்திய உதிரப்போக்கின் உச்ச வரம்பு 40 நாள். ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள். அது வரம்பேயன்றிக் கட்டாயக் கால அளவு அன்று. முன்னரே உதிரம் நின்றுவிட்டால் குளித்துத் தொழுகையைத் தொடங்க வேண்டியதுதான். ஓய்வும் நல்லுணவும் அதற்குப் பின்னரும் தொடரலாம்.

இரவில் ஒரு பங்கு

பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் உறங்கும். ஆனால் துண்டு துண்டாகவே உறங்கும். 8 முதல் 12 முறை பால் அருந்தும். தாய்க்கு எங்கே உறக்கம்? பாலூட்டுவது தவிர ஏனைய எல்லாவற்றையும் தந்தை செய்யலாம். ஈரத்துணி மாற்றலாம், பாலருந்திய பிள்ளையைத் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யலாம், கழுத்தைத் தாங்கிப் பிடிக்கப் பழகலாம், தட்டையான படுக்கையில் மல்லாந்து கிடத்தி உறங்க வைக்கலாம். வீட்டாரின் பணிகளில் நபிகளார் உதவி வந்ததாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். குழந்தை தம் ஆடையில் சிறுநீர் கழித்தபோது முகம் சுளிக்காமல், நீர் வரவழைத்து அவ்விடத்தில் ஊற்றியதும் அதே இல்லத்தில்தான்.

பிறந்த மகவின் பார்வை 20 முதல் 30 செ.மீ. தொலைவுக்கே தெளிவாக எட்டும். கையில் ஏந்தியவரின் முகம் இருக்கும் தொலைவு அது! ஏந்தாத தந்தையின் முகம் அதற்கு வெறும் நிழலே. மத்திய அரசு தன் ஆண் ஊழியர்களுக்கு முதலிரு குழந்தைகளுக்கு 15 நாள் விடுப்பு அளிக்கிறது. அத்தகைய வாய்ப்புள்ளவர் அந்நாள்களைத் தொட்டிலருகே செலவிடட்டும்.

கடல் கடந்து வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையர் என் செய்வது? பாங்கு சொல்வதைப் பாட்டனாரிடமோ தாய்மாமனிடமோ ஒப்படைக்கலாம். பெயரைக் கலந்து பேசித் தேரலாம். வெள்ளியின் விலையும் ஆட்டின் விலையும் தம் உழைப்பிலிருந்து அனுப்பலாம். கைப்பேசியில் அழைக்கையில் பிள்ளை உறங்கிற்றா என்று கேட்பதோடு, நீ உறங்கினாயா என்றும் மனைவியிடம் கேட்கலாம். மாதங்கள் கழிந்து வருகையில் குழந்தை தம்மைக் கண்டு அழுதால் மனம் நோக வேண்டாம். அது வெறுப்பன்று, அறிமுகம் இன்மையே. பொறுமையோடு அருகமர்ந்தால் ஓரிரு வாரத்தில் தானே தாவி வரும்.

குழந்தையின் முதற்புன்னகை ஏறத்தாழ ஆறாம் வாரத்தில் மலர்கிறது. நாற்பது நாளும் உடனிருந்து விழித்த தாயும் தந்தையும் அதனைச் சேர்ந்து காணும் பேறு பெறட்டும். பிறந்த ஒவ்வொரு மகவையும் பெற்றோர் இருவருக்கும் கண்குளிர்ச்சியாக வல்ல நாயன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.