எஞ்சினும் சற்று இளைப்பாறட்டும்

கல்முனையிலிருந்து இரவில் புறப்பட்ட வேன் ஒன்று, மகியங்கனையைக் கடந்து கண்டிச் சாலையின் 18 வளைவுகளில் ஏறத் தொடங்குகிறது. உள்ளே, நகரத்து வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளியும் உறவினரும் கண்ணயர்ந்திருக்கின்றனர். வண்டி மெல்ல ஊர்கிறது. எஞ்சினோ முழு வலிமையுடன் உழைக்கிறது. ஏற்றம் முடிந்ததும் தேநீர்க் கடை. சாரதி வண்டியை நிறுத்தி, அக்கணமே எஞ்சினையும் அணைத்துவிடுகிறார். அவ்வொரு செயலால் தம் பிழைப்புக்கே ஊறு தேடிக்கொள்ளலாம் என்பதை அவர் அறிவாரா?

டேர்போ என்பது, எஞ்சின் வெளியேற்றும் புகையின் விசையாற் சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுள் செலுத்தும் கருவி. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். உள்ளங்கையில் அடங்கும் அதன் சக்கரம் நிமிடத்திற்கு 1,00,000 தடவைக்கு மேலும் சுழலும். பெற்றோல் எஞ்சினில் அதைச் சுழற்றும் புகை 900 பாகை செல்சியசையும் எட்டக்கூடும். இத்தனை வெம்மைக்கிடையே அதன் அச்சைத் தாங்கி நிற்பது மெல்லிய ஒயிற் படலமே. எஞ்சினைச் சட்டென அணைத்தால் ஒயிலின் ஓட்டம் நிற்கும், சூடு நிற்காது. தேங்கிய ஒயில், அடுப்பில் மறந்த பாற்சட்டியைப் போல் கரிந்து அடிப்பிடிக்கும். நீராலும் குளிர்விக்கப்படும் டேர்போக்களில் இவ்வபாயம் குறைவு.

ஒயில் 100 பாகையை அண்டியிருப்பது இயல்பு. 130 பாகையைத் தாண்டி நெடுநேரம் நின்றால் விரைவில் கெடும். இதைத் தடுப்பதே ஒயில் கூலரின் பணி. ஆனால், புதியது வாங்க எல்லோராலும் இயலுமா? 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியது. 2025இல் இறக்குமதிக்கு மீண்டும் வழி பிறந்தபோதிலும், பழைய வண்டியையே நம்பி வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல.

அத்தகையோருக்குக் கைகொடுப்பது கராஜ்களின் கைவண்ணம். ஒயில் பில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே இரு வாயுள்ள தட்டொன்றைப் பொருத்த வேண்டும். ஒரு குழாய் சூடான ஒயிலைக் கூலருக்குக் கொண்டுசெல்லும். மற்றது ஆறிய ஒயிலைத் திரும்பக் கொணரும். உடைத்து விற்கப்படும் வாகனத்தின் கூலரே போதும். ஆயினும் மூன்று எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது, இறுகிப் பழுதான எஞ்சினின் கூலரை ஏற்கலாகாது. அதனுள் தங்கிய இரும்புத் துகள் நம் எஞ்சினையும் அரித்துவிடும். நல்ல கூலரையும் மண்ணெண்ணெயால் இருபுறமும் மாறி மாறிக் கழுவி, உலர்த்தியே பூட்ட வேண்டும்.

இரண்டாவது, குழாயிற் சிக்கனம் கூடாது. தண்ணீர்க் குழாயைக் கிளிப்பால் இறுக்குவது பேராபத்து. உழவு இயந்திரங்களின் சாதாரண ஹைட்ரோலிக் குழாய்களிற் பல அழுத்தத்தைத் தாங்கும்; வெப்பத்தையோ 100 பாகை வரையே தாங்கும். அதனினும் உயர்ந்த தரமே வேண்டும். குழாய் வெடித்தால் சில நிமிடங்களில் எஞ்சின் வறண்டு இறுகும். சூடான டேர்போவின்மேல் ஒயில் சிந்தினால் தீயும் பற்றும்.

மூன்றாவது, கூலரைக் காற்றுப்படும் இடத்தில், கல் தெறிக்காதவாறு வலைத்தடுப்புடன் வைக்க வேண்டும். நம் கரையோர உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரிக்கும். அடிக்கடி நன்னீரால் கழுவுதல் நன்று. பூட்டியபின் ஒயில் அளவைச் சரிசெய்து, ஒழுக்கு உண்டா என நோக்கியபின்னரே வண்டியைச் சாலையில் இறக்க வேண்டும்.

இவை யாவற்றிற்கும் முன், அதிகச் செலவில்லா வைத்தியங்கள் சில உள. ரேடியேட்டரைத் தூய்மையாக வைத்தல். உரிய தரமுள்ள ஒயிலை உரிய காலத்தில் மாற்றுதல். ஏற்றம் முடிந்ததும் ஓரிரு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அணைத்தல். எத்துணைப் பெரிய கூலரும் எஞ்சின் நின்றபின் உதவாது. களைத்து வந்த விருந்தினரை வாசலில் நிறுத்திவைப்போமா? நம்மைச் சுமந்து மலையேறிய எஞ்சினுக்கும், நாம் தேநீர் அருந்துமுன், அச்சிறு இளைப்பாறுதலை அளிப்போமாக!