எழுத்தை வடிவமைப்பது கருவியா, சமூகமா? – தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தை முன்வைத்து

முன்னுரை

தொழில்நுட்பம் சமூகத்தை வடிவமைக்கிறதா, சமூகம் தொழில்நுட்பத்தை வடிவமைக்கிறதா என்னும் வினாவிற்கு இருவேறு விடைகள் வழங்குகின்றன. கருவியே மாற்றத்தின் முதற்காரணம் என்பது தொழில்நுட்ப நிர்ணயவாதம். கருவியின் வடிவையும் பயனையும் மக்களின் தேவையும் அதிகாரமும் உறுதிசெய்கின்றன என்பது சமூகக் கட்டமைப்புவாதம். இவ்விரு கருத்துகளின் எல்லைகளைத் தமிழ் வரிவடிவ வரலாற்றின்வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியின் அழுத்தம்

மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஆயினும் ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எழுத்தாணியின் கூர்முனை ஓலையைத் துளைத்துவிடும் என்பது இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். இதனால் ஒரே வரிவடிவம் குறிலாகவும் நெடிலாகவும், மெய்யாகவும் உயிர்மெய்யாகவும் படிக்கப்பட்டது. பாடவேறுபாடுகள் பல தோன்ற இதுவும் இடமளித்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வரிவடிவில் தெளிவாக்கினார். அச்சு அதனை நிலைபெறச் செய்தது. இலக்கண விதி இருந்தும் எழுதுபொருள் அதனைத் தளர்த்தியது என்பதால், இங்கு நிர்ணயவாதம் வலுப்பெறுகிறது.

சமூகத்தின் தெரிவு

ணா, றா, னா. அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள். ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகளும் முன்னர்த் தனி வடிவங்கள் பெற்றிருந்தன. இவற்றை ஏனைய எழுத்துகளைப் போல எழுதினால் கற்பதும் அச்சுக்கோப்பதும் எளிதாகும் எனக் கருதிய பெரியார், 1935இல் குடிஅரசு இதழில் புதிய வடிவங்களைக் கையாண்டார். தமிழ்நாடு அரசு அவற்றை ஏற்றதோ 1978இல்தான். இடைப்பட்ட 43 ஆண்டுகளிலும் அச்சுக்குக் கிட்டக்கூடிய நன்மை மாறவில்லை. அரசியல் சூழலே மாறியிருந்தது. அப்போதும் ஐ, ஔ ஆகியவற்றுக்கு மாற்றாக அய், அவ் என எழுதும் முறை அரசாணையில் இடம்பெறவில்லை. அச்சு வசதி மட்டுமே காரணமாயின், இக்காலத் தாழ்வையும் இவ்விலக்கையும் விளக்க இயலாது.

கணினிக் காலம்

ஒருங்குறியில் ‘னை’ என்பது னகரமும் ஐகாரக் குறியும் கொண்ட ஒரே குறியீட்டுத் தொடர். அதனைப் பழைய வடிவில் காட்டுவதா, புதிய வடிவில் காட்டுவதா என்பதை எழுத்துருவே முடிவுசெய்கிறது. எனவே அச்சுக்கோப்பு விதித்த தடை இன்று இல்லை. எனினும் பழைய வடிவங்கள் மீளவில்லை. பள்ளிப் பாடநூல் பழக்கிய வடிவமே நிலைத்துவிட்டது. அதன் விளைவாக, 1978க்கு முந்தைய அச்சுநூல்களைப் புதிதாக அணுகும் மாணவர் அவ்வடிவங்களைத் தனியே கற்க வேண்டியுள்ளது. அந்நூல்களை மின்னுருவாக்கும் எழுத்துணரி மென்பொருளுக்கும் அவற்றைப் பயிற்றுவிக்க வேண்டியுள்ளது.

முடிவுரை

கருவி சில வடிவங்களை எளிதாக்குகிறது, சிலவற்றை அரிதாக்குகிறது. அவற்றுள் எதை, எப்போது ஏற்பது என்பதைச் சமூகம் முடிவுசெய்கிறது. ஏற்கப்பட்ட வடிவம் பாடநூலிலும் மென்பொருளிலும் பதிந்தபின், அடுத்த தலைமுறைக்கு அது இயல்பானதாகவே தோன்றுகிறது. ஆகவே, ஒரு மாற்றத்தைத் தொழில்நுட்பத்தின் கட்டாயம் எனக் கூறுமிடத்து, அதனை ஏற்றவர் யார், விலக்கப்பட்டது எது என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும்.