பிள்ளை வைத்த மிச்சம், அம்மாவின் இடுப்பில்!

காலை மணி 8. பள்ளிக்கூட வேன் தெருமுனைக்கு வந்து விட்டது. பையன் இரண்டு தோசையில் ஒன்றரை தின்று விட்டு ஓடி விட்டான். தட்டில் அரைத் தோசை கிடக்கிறது.

அதை யார் தின்பது?

அம்மாதான்! குப்பையில் போட மனம் வருமா?

மதியம் டிபன் டப்பாவில் திரும்பி வரும் தயிர் சாதம், மாலையில் பாதி கடித்த பிஸ்கட், இரவில் பாத்திரத்தின் அடியில் கிடக்கும் ஒரு கை சோறு. எல்லாம் அம்மாவின் வயிற்றுக்குத்தான் போகின்றன. ஆனால், இதை அவள் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

"ஒரு வேளைகூட நான் நிம்மதியாகச் சாப்பிடுவதில்லை. ஆனாலும் குண்டாகிறேனே!" என்கிறாள்.

அவள் சொல்வது பொய் அல்ல. உட்கார்ந்து சாப்பிடுவது குறைவு. நின்றபடி சாப்பிடுவது அதிகம்!

நூற்றுக்கு 40 பேர்

2019 முதல் 2021 வரை தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள் என்று தெரிந்தது. அதற்கு முந்திய கணக்கெடுப்பில் (2015-16) இது 31 ஆக இருந்தது. ஆண்களும் சளைத்தவர்கள் அல்ல. நூற்றுக்கு 37 பேர்!

அழகைப் பற்றி இங்கே பேச்சு இல்லை. அது அவரவர் விருப்பம். சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி ஆகியவற்றைப் பற்றித்தான் பேச்சு. ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்க 20 வருடம் ஆகிறது. அந்த 20 வருடமும் பெற்றவர்கள் நோய் இல்லாமல் நடமாட வேண்டாமா?

எடை பார்க்கும் மெஷின் வீட்டில் இல்லையா? கவலை இல்லை. தையல்காரரின் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே சுற்றி அளந்து பாருங்கள். வயிற்றை எக்கக் கூடாது! பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், முப்பத்தைந்தரை அங்குலம். இதைத் தாண்டினால் எச்சரிக்கை.

காபியில் 11 கிலோ!

ஒரு டம்ளர் காபிக்கு 2 ஸ்பூன் சர்க்கரை. ஒரு நாளைக்கு 3 டம்ளர். ஆக, 6 ஸ்பூன். ஒரு ஸ்பூன் 5 கிராம் என்றால், தினமும் 30 கிராம். மாதம் 900 கிராம். வருடத்துக்குக் கிட்டத்தட்ட 11 கிலோ!

இது ஒரே ஆளுக்கு. அதுவும் காபிக்கு மட்டும். பாயசம், கேசரி, பிஸ்கட், கலர் ஆகியவை தனிக் கணக்கு.

ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டாம் நாளே தலை வலிக்கிறது என்று பழைய காபிக்கே திரும்பி விடுவீர்கள். இந்த வாரம் அரை ஸ்பூன் குறையுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு அரை ஸ்பூன். நாக்கு பழகி விடும். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டால் எடை குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். குறையாது. எடைக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எண்ணெயையும் இப்படியே கணக்குப் பாருங்கள். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். 4 பேர் உள்ள வீட்டுக்கு 2 லிட்டர். உங்கள் மளிகைச் சீட்டில் எவ்வளவு இருக்கிறது?

தனிச் சமையல் வேண்டாம்

பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். வீட்டுக்கு எல்லாம் பூரி கிழங்கு. அம்மாவுக்கு மட்டும் கஞ்சி! இது எத்தனை நாள் நடக்கும்? நான்காம் நாள் கஞ்சி போய்விடும். பூரி நிற்கும்.

வீட்டுச் சமையலே மாறட்டும். சோற்றில் ஒரு கரண்டி குறையட்டும். பொரியலும் கூட்டும் இரண்டு கரண்டி கூடட்டும். பருப்போ, சுண்டலோ, முட்டையோ, மீனோ தினமும் ஒன்று இருக்கட்டும். அப்பாவுக்கும் இதே தட்டு. பிள்ளைக்கும் இதே தட்டு.

மிச்சத்துக்கும் வழி உண்டு. முதலில் ஒரு தோசை வையுங்கள். கேட்டால் அடுத்தது சுடுங்கள். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றினால் மறுநாள் பழையது. மீந்த இட்லி உப்புமா ஆகும். தட்டில் எச்சில்பட்டது காக்கைக்குப் போகட்டும். அன்னத்தை வீணாக்கிய பாவம் வராது!

எதற்காகவும் பட்டினி கிடக்காதீர்கள். காலையில் சாப்பிடாதவள் 11 மணிக்கு முறுக்கு டப்பாவைத் திறப்பாள். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதம் வழக்கத்தை விட தினமும் 600 கலோரி ஆகாரம் அதிகம் வேண்டும். அவள் எடை குறைக்க அவசரப்படக் கூடாது. "ஒரே மாதத்தில் 10 கிலோ" என்று விற்கும் பவுடர், மாத்திரை பக்கம் யாருமே போகாதீர்கள்.

நேரம் எங்கே?

"நடக்கச் சொல்கிறீர்கள். நேரத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு நடை 10 நிமிடமாவது இருக்க வேண்டும் என்று முன்பு சொன்னார்கள். 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்து விட்டார்கள். ஆகவே துண்டு துண்டாக நடக்கலாம். பிள்ளையைப் பள்ளியில் விட ஸ்கூட்டர் வேண்டாம், நடந்து போங்கள். காய்கறிக் கடைக்கு நடந்து போங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பத்தோடு தெருவில் இரண்டு சுற்று சுற்றுங்கள்.

வீட்டுத் தலைவருக்கு ஒரு வார்த்தை. இரவுப் பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள். உங்கள் மனைவிக்கு அரை மணி நேரம் கிடைக்கும். சீக்கிரம் படுக்கவும் முடியும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், இனிப்பு கேட்கும்.

சென்னையில் நடந்த சோதனை

இதனால் எல்லாம் பலன் உண்டா? உண்டு. நம் சென்னையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்!

டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் செய்த ஆராய்ச்சி அது. முடிவு 2006-ல் வெளிவந்தது. சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரைச் சேர்த்து, பிரிவு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான யோசனை மட்டும். இன்னொரு பிரிவினரை தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். சர்க்கரையையும் எண்ணெயையும் குறைக்கச் சொன்னார்கள். மருந்து கிடையாது.

மூன்று ஆண்டுகளில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு சர்க்கரை வியாதி வந்து விட்டது. நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது.

இதில் ஒரு அதிசயம். நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை! ஆனாலும் பலருக்கு வியாதி வராமல் தப்பியது. ஆகவே, ஒரு மாதம் நடந்தும் முள் நகரவில்லையே என்று செருப்பைக் கழற்றி மூலையில் போட்டு விடாதீர்கள்.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்து பிரசவத்துக்குப் பிறகு மறைந்து விட்டதா? அந்தத் தாய்மார்களுக்குப் பின்னாளில் அது திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருடம் ஒரு முறை ரத்தம் சோதித்துக் கொள்ளுங்கள். காரணம் தெரியாமல் எடை ஏறி, சோர்வும் முடி கொட்டுவதும் சேர்ந்தால், தைராய்டு சுரப்பியில் கோளாறு இருக்கலாம். அதற்கு டாக்டரைப் பாருங்கள்.