பேச வராதவங்க எப்படிக் கவனிக்கப்படுறது? திருக்கோவிலூருக்குப் போன ஒரு நோட்டுப் புத்தகம்

போன வாரம் குறிஞ்சிப்பாடியில இருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. வீட்டுல இருந்தே ஐ.டி. வேலை பார்க்குறவங்க. "அண்ணா, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு சர்வரைச் சரி பண்றது நான். மறுநாள் மீட்டிங்ல அதைப் பத்திப் பேசுறது வேற ஒருத்தர். அப்ரைசல்ல என் பேரே வரல. எனக்குப் பேச வராது. நான் மாறணுமா?"

மாற வேண்டாம்மா. ஆனா, வேலை தானா பேசும்னு உட்கார்ந்திருந்தாலும் நடக்காது. அதை யார் கண்ணுலயாவது நாமதான் பட வைக்கணும். இதுக்கு உங்க பக்கத்துலயே ஒரு கதை இருக்கு.

1910. திருக்கோவிலூர். உங்க ஊர் மாதிரியே அதுவும் அப்போ தென்னார்க்காடு மாவட்டம். அங்கே டெபுடி கலெக்டரா இருந்த வி. ராமசாமி ஐயரைப் பார்க்க, கூச்ச சுபாவமுள்ள ஒரு இளைஞர் போறார். எஃப்.ஏ. பரீட்சையில தேறாதவர். கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. பேர் ராமானுஜன்.

அவர் கையில சர்டிஃபிகேட் இல்ல, கணக்கு எழுதின நோட்டுப் புத்தகம் இருந்தது. ராமசாமி ஐயர் 1907-ல இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கினவர். நோட்டைப் பார்த்ததும் அவருக்குப் புரிஞ்சுபோச்சு. இவரைக் குமாஸ்தா ஆக்க மனசு வராம, சென்னையில இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

இங்கே முதல் பாடம்: நூறு பேர்கிட்ட பேச வேண்டாம். நம்ம வேலை புரியுற ஒரே ஒருத்தர்கிட்ட, எழுதி வெச்சதைக் காட்டினா போதும். தினமும் சரி பண்ணினதை நாலு வரி எழுதி வைங்க. வெள்ளிக்கிழமை மேனேஜருக்கு அனுப்புங்க.

ரெண்டாவது, நல்ல கேள்வி. 1911-ல கழகத்தோட இதழ்ல ராமானுஜன் ஒரு கணக்கை வெச்சார். வர்க்கமூலத்துக்குள்ள வர்க்கமூலமா முடிவில்லாம போகுற கணக்கு. மாசக்கணக்கா யாரும் விடை அனுப்பல. விடை 3-ன்னு அவரே சொன்னார். மேடை ஏறாமலே, துறைக்காரங்க அவரைக் கவனிச்சாங்க. டீம் சாட்ல நீங்க கேக்குற ஒரு கூர்மையான கேள்வியும் அப்படித்தான்.

மூணாவது, கடிதம். 1913 ஜனவரி 16-ஆம் தேதி, சென்னைத் துறைமுகக் குமாஸ்தாவா இருந்தபடி கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதினார். தன்னைப் பத்திச் சில வரிகள்தான். மீதியெல்லாம் கணக்கு. அதுக்கு முன்னாடி கேம்பிரிட்ஜ்லயே வேற ரெண்டு பேருக்கு எழுதி, பலன் இல்ல. அதோட நிறுத்தியிருந்தா?

ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. அந்த நோட்டைத் திறந்து பார்க்க ஒரு ராமசாமி ஐயர் இருந்தார். இத்தனையும் செஞ்ச பிறகும் உங்க பேர் வரலன்னா, குறை உங்க கூச்சத்துல இல்ல. அந்த டீம்லதான். அப்போ அதே நோட்டை எடுத்துக்கிட்டு அடுத்த கதவைத் தட்டுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.